எல்லாரும் எடையைத்தான் கேட்டார்கள்

புனே போய் வந்தேன் என்று சொன்னால் ஈரோட்டு நண்பர்கள் முதலில் கேட்பது, கோட்டையைப் பார்த்தீர்களா என்றுதான். பார்க்கவில்லை. கோட்டை, அரண்மனை, பிள்ளையார் கோயில் எதையும் பார்க்கவில்லை. நான் பார்த்தது சாங்வி என்ற பகுதியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு, அதிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு ஆஸ்பத்திரி, ஒரு மருந்துக்கடை, ஏழெட்டு ஆட்டோக்கள். பதினேழு நாள் பயணத்தில் இவ்வளவுதான். ஆனால் எந்த ஊருக்குப் போய் வந்தும் நான் இவ்வளவு கோபத்தோடு திரும்பியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் அரசாங்க உத்தியோகம். மஞ்சள் மண்டி, ரேஷன் கடை, நகைக்கடை, கோழிக்கடை என்று முப்பது வருடமாக மற்றவர்களின் தராசுகளைக் குனிந்து பார்த்தே முதுகு வளைந்துவிட்டது. ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. மனைவி சாந்தாமணி மூன்று வருடத்துக்கு முன்னால், நாற்பத்தொன்பது வயதில், மாரடைப்பில் போய்விட்டாள். ஒரே மகள் நித்யா. புனேயில் ஹடப்சர் பகுதியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. மாப்பிள்ளை பிரபு புனேயை அடுத்த சாகணில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் இன்ஜினியர்.

தலைப்பிரசவத்துக்கு அவளை ஈரோட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். அம்மா இல்லாத வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று அவள் தயங்கினாள். எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறியதும், பயணமே கூடாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். நாள் நிறைவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்.

செய்தி வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. என் தங்கை ருக்மணி அதில் தன் பெருமையையும் சேர்த்துக்கொண்டாள்.

“ரெண்டு கிலோ கூட இல்லீங்களாண்ணா? எம்பையன் பொறந்தப்ப நாலே கால் கிலோ. நர்ஸம்மா தூக்க முடியாம தூக்குனாங்க.”

“எல்லாரும் உம்பையனாட்டவே இருப்பாங்களா?”

“அதுக்குச் சொல்லலீங்ணா. நீங்க போறப்ப உப்புக்கண்டம் போட்டுத் தாறன். பத்தியத்துல அதைக் கொழம்பு வெச்சுக் குடுத்தாப் புள்ள தேறீரும்.”

உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டுக்கறி, சுண்டைக்காய் வத்தல், பூண்டு, ஒரு டப்பா பிரசவ லேகியம். இவற்றோடு ஒரு நீலநிற நோட்டையும் பையில் வைத்துக்கொண்டேன். அது நித்யா பிறந்தபோது நான் எழுதியது. அவளும் இதேபோலக் குறைந்த எடைதான். ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிராம். அந்தக் காலத்து நர்சிங் ஹோம் தராசை நான் நம்பவில்லை. நாள்தோறும் காலையில் அவளைத் துணியில் சுற்றி அலுவலகத்துக்கு எடுத்துப்போய், சோதனைத் தராசில் வைத்து, கிராம் கணக்காக எழுதி வைத்தேன். அதில் பாதிப் பக்கம் காலியாக இருந்தது. பேத்தியின் எடையையும் அதிலேயே தொடரலாம் என்று நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை புனேயில் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. ஈரோட்டு மழை கொட்டிவிட்டு நிற்கும். இங்கே நிற்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. சட்டையை மட்டும் ஈரமாகவே வைத்திருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஆட்டோவில் மீட்டர் போட்டார்கள். எங்கள் ஊரில் மீட்டர் என்ற சாமானை ஆட்டோவில் பார்த்தே வெகுகாலம் ஆகிறது. வழக்கப்படி குனிந்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. இந்த ஊர்மேல் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு ஆட்டோக்காரர் என்னைப் பழைய சாங்வியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மகள் வீடு இருப்பது புதிய சாங்வியில். இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் என் உடைந்த இந்தியில் வழி கேட்டு, நனைந்து போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்த நித்யாவின் முகம் உப்பியிருந்தது. பிள்ளை பெற்ற முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். “வாங்கப்பா” என்றாள். நான் அவளைத் தாண்டித் தொட்டிலைப் பார்த்தேன். என் முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

“டிஸ்சார்ஜ் பண்றப்ப எடை எவ்வளவு கண்ணு?”

“ஆயிரத்து எண்ணூத்தி இருவதுப்பா. மொதல்ல கொஞ்சம் கொறையுமாமா.”

“நாளைக்குப் போயிப் பாத்துப்புடலாம்.”

ஆஸ்பத்திரியில் கொடுத்தவற்றை எடுத்துக் காட்டினாள். குழந்தையுடையது ஒரு பருமனான கோப்பு. எடைக்கு ஒரு வரைபடம், தலைச் சுற்றளவுக்கு ஒரு கட்டம், நீளத்துக்கு ஒரு கட்டம், தடுப்பூசி அட்டவணை, அடுத்து வரவேண்டிய தேதிகள். நித்யாவுடையது ஒரே ஒரு தாள். ஆறு வாரம் கழித்துத் தையல் ஆறியிருக்கிறதா என்று பார்க்க வரவும் என்று கடைசியில் ஒரு வரி. ரத்த அழுத்தம்? “டெலிவரி முடிஞ்சா சரியாயிடும்னாங்கப்பா” என்றாள். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை நானும் நித்யாவும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். படியிறங்கும்போது பார்த்தால், நித்யா காலில் மாப்பிள்ளையின் பெரிய ரப்பர் செருப்பு.

“என்ன அம்மிணி, மாப்பளை செருப்பைப் போட்டுட்டு வாற? ஊர்ல பாத்தாச் சிரிக்க மாட்டாங்களா?”

“எஞ்செருப்பு பத்தலப்பா.”

“பிள்ளை பெத்தா காலுமா வளரும்?” என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

குழந்தைகள் பிரிவில் நீளமான வரிசை. எங்கள் முறை வந்தது. சிஸ்டர் குழந்தையைத் தட்டில் வைத்தார். ஆயிரத்து எழுநூற்று எழுபது. கூடவில்லை, இன்னும் குறைந்திருக்கிறது. நித்யாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. பால் போதவில்லை என்று தன்னையே பழித்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது. நான் தராசைப் பார்த்தேன். தட்டின் ஓரம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுவர் கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொண்டால் தராசு என்ன செய்யும்? பக்கவாட்டில் இருந்த முத்திரைச் சீட்டும் போன வருடத்தது.

“சிஸ்டர், இந்தத் தராசு தப்பு” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

“சார், தினமும் இதில்தான் பார்க்கிறோம்.”

“தினமும் தப்பாகப் பார்க்கிறீர்கள்.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் யார், என்ன வேலை என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். தராசை இழுத்து, நான்கு காலையும் திருகிச் சமன் செய்து, பூஜ்யம் காட்டவைத்து, மறுபடி குழந்தையை வைக்கச் சொன்னேன். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. பின்னால் நின்ற ஒரு தகப்பன், “அப்படியானால் என் பிள்ளைக்கும் மறுபடி பாருங்கள்” என்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். சிஸ்டர் முறைத்தார். நான் வெற்றி வீரனைப்போல் திரும்பினேன்.

நித்யா பிளாஸ்டிக் நாற்காலியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, சுவரில், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி பட்டையோடு தொங்கிக்கொண்டிருந்தது. “இவளுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்களேன்” என்று பேச்சுக்குக் கேட்டேன். “இது குழந்தைகள் பிரிவு. அம்மாவுக்கு ஆறு வாரம் கழித்துத்தான்” என்றார் சிஸ்டர். தராசுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டவன், இதற்கு ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே தள்ளுவண்டியில் போஹே வாங்கிக் கொடுத்தேன். ஊறவைத்த அவல், கடுகும் வெங்காயமும் தாளித்து மேலே கொத்தமல்லி தூவியது. எங்கள் ஊர் அவல் உப்புமாவைவிட நன்றாகவே இருந்தது. நித்யா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு மங்கல் மாவ்ஷி வந்தார். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வருகிறவர். மாவ்ஷி என்றால் சித்தி. இந்த ஊரில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உண்ணும் மரக்கோந்தும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டைகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்காம். நான் பதிலுக்கு உப்புக்கண்டக் குழம்பை ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தவர் தண்ணீரைத் தேடி ஓடினார். நித்யா மொழிபெயர்த்தாள்.

“கடலையே காயவெச்சுக் கொண்டாந்துட்டாரா உங்கப்பா, அப்படின்னு கேக்கறாங்க.”

“உனக்குச் செஞ்சது, அவங்களுக்கில்ல. நீ சாப்புடு” என்றேன். இரண்டு கரண்டி அதிகமாகவே ஊற்றினேன்.

மாவ்ஷி குழந்தையைக் காலில் போட்டுத் தேய்த்துக்கொண்டே பேசினார். தன் மூத்த மகனும் பிறந்தபோது இப்படித்தான், உள்ளங்கையில் அடங்குவானாம். இப்போது பேருந்து ஓட்டுகிறானாம். “சின்னதாகப் பிறந்ததுகள்தான் பிறகு வீட்டையே தூக்கும்” என்று என்னைத் தேற்றினார். “உங்களுக்கு உடம்பு எப்படி?” என்று கேட்டேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நாலு வருடமாக பீபி மாத்திரை, வயதாகிவிட்டதல்லவா என்றார். எத்தனை வயது என்றேன். நாற்பத்திரண்டாம். எனக்கு ஐம்பத்தாறு. நான் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறுகிறேன்.

புதன் காலையில் நித்யா எழுந்து உட்காரவே சிரமப்பட்டாள். “தலை ரெண்டா பொளக்கறாப்புல இருக்குதுப்பா.” மாப்பிள்ளை முதல் ஷிப்டுக்குப் போய்விட்டார். தூக்கமில்லாத தலைவலிதான், ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று நான் மருந்துக்கடைக்கு இறங்கினேன். கல்லாவில் ஒரு சின்னப் பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தலைவலி மாத்திரை கேட்டேன். எடுத்து வைத்துவிட்டு, “காகா, உங்களுக்கா?” என்றாள். காகா என்றால் சித்தப்பா.

“மகளுக்கு.”

“வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறார்களா?”

“பிரசவம் ஆகிப் பதின்மூன்று நாள்.”

மாத்திரை அட்டைமேல் அவள் கை வந்து உட்கார்ந்தது.

“கர்ப்பத்தில் பீபி இருந்ததா?”

“இருந்தது. சரியாகிவிட்டது.”

“யார் சொன்னது? எப்போது பார்த்தீர்கள்?”

“பிறகு பார்க்கவில்லை.”

“கால் வீங்கியிருக்கிறதா, காகா?”

எனக்கு அந்த ரப்பர் செருப்பு கண்முன் வந்தது. “செருப்பு பத்தவில்லை என்றாள்” என்றேன்.

அந்தப் பெண் மாத்திரையை உள்ளே வைத்துவிட்டு, கடையில் இருந்த ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். “ஓடுங்கள். பார்த்துவிட்டு அப்புறம் கொண்டு வந்தால் போதும். அதிகமாக இருந்தால் வீட்டில் உட்காராதீர்கள்.” என் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. பட்டம் பெற்றவர்கள் அத்தனை பேர் நடமாடும் கட்டடத்தில் யாரும் கேட்காத கேள்வியை, ஒரு மருந்துக்கடைப் பெண் நின்றபடி கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு ஓடி நித்யாவின் கையில் கட்டினேன். நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுப் பத்து.

அப்போது நான் செய்ததையும் மறைக்கப் போவதில்லை. கருவியைச் சந்தேகப்பட்டேன். முப்பது வருடப் புத்தி. என் கையில் கட்டிப் பார்த்தேன், சாதாரணமாகக் காட்டியது. மறுபடி அவள் கையில் கட்டினேன். நூற்று எழுபதுக்கு நூற்றுப் பத்து. “அப்பா, கண்ணு முன்னால பூச்சி பறக்கறாப்புல இருக்குது” என்றாள் நித்யா, ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல. எப்போதிருந்து என்றேன். திங்கட்கிழமையிலிருந்தாம். ஏன் சொல்லவில்லை?

“நீங்க பாப்பா எடையப் பத்தியே கவலப்பட்டுட்டிருந்தீங்க. இதையும் சொல்லி எதுக்குன்னு…”

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. வாசல் பெட்டியில் அடித்துக்கொண்டே இருந்தது. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மகளைத் தாங்கிப்பிடித்து மூன்று மாடி இறங்கினேன். முதல் ஆட்டோ வரமாட்டேன் என்றது. இரண்டாவது நின்றது. மழையில் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோக்காரர் நல்ல மனிதர், கண்ணாடியில் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார்.

“பேரனா, பேத்தியா? ரொம்பச் சின்னதாக இருக்கிறதே. எடை எவ்வளவு?”

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இந்தி முழுவதும் ஒரேயடியாகக் கொட்டியது. “எடை எடை எடை! இதைப் பெற்றவள் உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளை ஒருத்தன் கேட்டானா?”

அவர் திரும்பி நித்யாவை ஒருமுறை பார்த்தார். வண்டியை வெட்டி ஒரு சந்துக்குள் விட்டு, எதிர்த்திசையில் நுழைந்து, நாலு பேரிடம் திட்டு வாங்கி, அவசரப் பிரிவின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கி நித்யாவுக்குக் கைகொடுத்தவரும் அவர்தான்.

உள்ளே கணினி முன்னால் இருந்தவர் பெயரைத் தட்டிப் பார்த்தார். “குழந்தை ஃபைல் இருக்கிறது. அம்மாவுடைய ஃபைல் குளோஸ் ஆகிவிட்டது. புதிதாகப் பதிவு செய்யுங்கள்.”

குளோஸ் ஆகிவிட்டது. பதின்மூன்று நாளில்! மஞ்சள் மண்டியில் நாற்பது வருடப் பழைய தராசுக்குக்கூட என் அலுவலகத்தில் கோப்பு திறந்தே இருக்கிறது. உயிரோடு, கண் இருண்டு, என் தோளில் சாய்ந்து நிற்கிறவளுடைய கோப்பை மூடிவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். நல்லவேளை, அவர் என்னைப் பார்க்கவில்லை, நித்யாவின் காலைப் பார்த்தார். கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சக்கர நாற்காலி, ஊசி, வெளிச்சத்தைக் குறைத்த அறை. இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கக் கூடும், இப்போதாவது வந்தீர்களே என்றார் ஒரு நர்ஸ். பிரசவத்துக்குப் பிறகும் அழுத்தம் இப்படித் திரும்ப ஏறுமாம். ஏறும் என்று யாராவது ஒருவர் அந்த ஒற்றைத் தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

மறுநாள் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்ள, அந்தப் பெண் டாக்டர் என்னை அழைத்து உட்காரவைத்துப் பேசினார். நாற்பது வயது இருக்கும், நிதானமான பேச்சு. என்ன சாப்பிடுகிறாள் என்றார். உப்புக்கண்டத்தையும் வத்தலையும் சொன்னேன். “இது அதனால் வந்ததில்லை. ஆனாலும் நிறுத்திவிடுங்கள்” என்றார். பிறகு, “உங்கள் மகள் பிறந்தபோது எடை எவ்வளவு என்று நினைவிருக்கிறதா?” என்று கேட்டார்.

“ஆயிரத்து எழுநூற்று நாற்பது கிராம்.”

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அவள் அம்மா?”

“இல்லை. மாரடைப்பு. நாற்பத்தொன்பது வயது.”

“அவருக்குக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் இருந்ததா?”

“தெரியாது.”

அவர் எனக்குச் சொன்னதை, எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். குழந்தையின் பிறந்த எடை குழந்தையைப் பற்றி மட்டும் சொல்வதில்லை. சுமந்தவளுடைய உடம்பைப் பற்றியும் சொல்கிறது. எடை குறைந்த பிள்ளை, நாள் நிறையாத பிரசவம், கர்ப்பத்தில் ஏறிய அழுத்தம் இவை இருந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதயநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதேபோல மிகப் பெரிய பிள்ளை பெற்றவர்கள் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும்; கர்ப்பத்தில் சர்க்கரை இருந்து யாரும் கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம். எல்லோருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டால், வந்தாலும் முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

“அப்படியானால் என் மனைவி…”

“அவருக்கு இதனால்தான் என்று நான் சொல்ல முடியாது. யாராலும் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஆனால் அவரை யாராவது வருடாவருடம் பார்த்திருக்க வேண்டும்” என்றார்.

பையில் அந்த நீல நோட்டு இருந்தது. வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன். என் கையெழுத்து அப்போது அழகாக இருந்திருக்கிறது. தேதி, எடை. தேதி, எடை. ஒரு வருடத்துக்கு, ஒரு நாள் விடாமல். இல்லை, ஒரே ஒரு நாள் விடுபட்டிருக்கிறது. நித்யா பிறந்த ஒன்பதாம் நாள். எடை எழுத வேண்டிய இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: இன்று எடை பார்க்கவில்லை, சாந்தாமணிக்குத் தலைவலி.

அவ்வளவுதான். அந்த நோட்டு முழுவதிலும் அவள் பெயர் வருவது அந்த ஓர் இடத்தில், ஒரு நாள் வேலை தடைப்பட்டதற்குக் காரணமாக. அடுத்த நாள் வழக்கம்போல எடை. தலைவலி சரியாயிற்றா என்றுகூட நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் அவள் என்னோடு இருந்தாள். படியேறும்போது நின்று நின்று ஏறினாள். “நான் நல்லாத்தானுங்க இருக்கறன்” என்றாள். ஒருமுறைகூட ஒருவரும் அவள் கையில் அந்தப் பட்டையைக் கட்டிப் பார்க்கவில்லை. ஒரு கடைக்காரர் தராசைப் புதுப்பிக்கக் கொண்டுவரவில்லை என்றால் நான் நோட்டீஸ் அனுப்புவேன், நேரில் போய் நிற்பேன். தராசு நல்லாத்தான் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்வதை நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. மனைவி சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் நித்யாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை தாளைக் கையில் வாங்கியதும் படித்தேன். மாத்திரைகள், ஒரு வாரத்தில் வரவேண்டிய தேதி எல்லாம் இருந்தன. நீண்ட காலத்துக்கு எதுவும் இல்லை. டாக்டரிடம் போய் நின்றேன்.

“வருடாவருடம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொன்னீர்கள். இதில் இல்லையே?”

“அதற்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை, சார். கணினியில் வருவதுதான் அச்சாகும்.”

“குழந்தையின் தலைச் சுற்றளவுக்குக் கட்டம் இருக்கிறது.”

“உண்மைதான்.”

“கையால் எழுதிக் கொடுங்கள். என்னிடம் சொன்னதை நான் மறந்துவிடுவேன், அவள் மறந்துவிடுவாள், இன்னொரு ஊரில் இன்னொரு டாக்டருக்குத் தெரியவே தெரியாது. எழுதாதது எங்கள் இலாகாவில் நடக்காதது.”

நித்யா என் சட்டையை இழுத்தாள். “அப்பா, போதும்ப்பா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும் சாமி.”

டாக்டர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பொறுமையாக எழுதினார். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை, தாய்க்கு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கொருமுறை பரிசோதனை தேவை. கீழே கையெழுத்து. முத்திரை வேண்டும் என்றேன். அதற்காக இரண்டு மாடி ஏறி, ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அலைந்து, சாப்பாட்டு நேரம் முடியும்வரை காத்திருந்து, வட்டமான நீல முத்திரையை வாங்கி வந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ முத்திரை வைத்திருக்கிறேன். கேட்டு வாங்கியது இது ஒன்றுதான்.

மீதி நாட்களில் கோதுமைக் கஞ்சி, பாசிப்பருப்பு, உப்புக் குறைத்த ரசம். உப்புக்கண்டத்தை யாரும் கேட்கவில்லை. மருந்துக்கடைப் பெண்ணிடம் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதேபோல ஒன்று புதிதாக வாங்கினேன். “மகள் எப்படி இருக்கிறார், காகா?” என்றாள். அந்த ஊரில் அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் அவள்தான். மாவ்ஷிக்கும் ஒருநாள் பட்டையைக் கட்டிப் பார்த்தேன். மாத்திரை சாப்பிட்டும் அதிகம்தான். பெரிய பையனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகச் சொன்னேன். “பேருந்து ஓட்டுகிறவனுக்கு நேரம் ஏது?” என்றார். “உள்ளங்கையில் வைத்து வளர்த்தவருக்காக ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள்” என்று நித்யா இந்தியில் சொன்னாள். போனாரா என்று தெரியவில்லை.

நீல நோட்டின் காலிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். ஒரு பக்கம் குழந்தையின் எடை. இன்னொரு பக்கம் நித்யாவின் அழுத்தம். கிளம்பும் நாளில் நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு பக்கம் காலியாக இருந்தால் அடுத்த ரயிலில் வந்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறேன்.

ஈரோடு வந்து சேர்ந்த அன்று சாயங்காலம் ருக்மணி போன் செய்தாள்.

“அண்ணா, வந்து சேந்துட்டீங்களா? பாப்பா எடை எவ்வளவுங்?”

“நூத்தி இருவத்தெட்டுக்கு எம்பத்தி நாலு.”

“அது என்னுங்ணா எடை?”

“நித்யாவோட பிரஷரு. மொதல்ல அதைக் கேளு. பாப்பா ரெண்டு கிலோவத் தாண்டிருச்சு.”

“நல்லதுங்ணா, நல்லதுங்ணா. உப்புக்கண்டம் வேலை செஞ்சிருச்சு பாருங்.”

“ருக்கு, உம்பையன் பொறந்தப்ப நாலே கால் கிலோன்னு சொன்னீல்ல?”

“ஆமாங்ணா. நர்ஸம்மா தூக்க முடியாம…”

“உனக்குச் சக்கரை பாத்து எத்தன வருசமாச்சு?”

“எனக்கெதுக்குங்ணா? நான் நல்லாத்தானுங்க இருக்கறன்.”

“சாந்தாமணியும் இதையேதான் சொன்னா.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ குறைத்தார்கள்.

“நாளைக்குக் காத்தால காப்பி குடிக்காம இரு. ஏழு மணிக்கு வண்டி எடுத்துட்டு வாறன்” என்றேன்.